மானின் மூக்கும் வேட்டையாடியின் பெட்டியும்

வட அமெரிக்காவின் இலையுதிர் காலத்தில், வெள்ளைவால் மான் வேட்டைக்கு உரிமம் பெற்றவரின் வேட்டை உடை பெரும்பாலும் அவருடைய வீட்டு அலமாரியில் இருப்பதில்லை. மணமில்லாத சோப்பில் தனியாகத் துவைக்கப்பட்டு, கொல்லையில் காற்றாட உலர்த்தப்பட்டு, ரப்பர் விளிம்பு வைத்த மூடியால் இறுக மூடப்படும் ஒரு பெட்டிக்குள் அது அடைபட்டுக் கிடக்கிறது. வீட்டிலிருந்து காடு வரை வண்டியோட்டிச் செல்லும்போதும் அவர் அதை அணிவதில்லை; காட்டோரம் வண்டியை நிறுத்திய பிறகே, விடியலுக்கு முந்தைய குளிரில் நின்றபடி உடை மாற்றிக்கொள்கிறார். வெளியாருக்கு இது ஒரு சடங்கைப் போலத் தோன்றக்கூடும், சடங்கின் கூறுகள் அதில் சிறிதும் இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆயினும் அதன் அடியில் இருப்பது, வாசனை மூலக்கூறுகள் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு எவ்வாறு இடம்பெயர்கின்றன என்னும் இயற்பியல், வேதியியல் கேள்விதான்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்திவிட்டது. அமெரிக்காவிலோ மான் வேட்டை, மாநில அரசுகளின் உரிமத்துக்கும் பருவக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு நடக்கும் பொது வழக்கமாக நீடிக்கிறது. கட்டுப்பாடற்ற வேட்டையால் 1900-ஆம் ஆண்டளவில் 5 லட்சம் அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்கியிருந்த வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கை, பின்னர் வந்த சட்டங்களாலும், அவற்றைத் தின்னும் ஓநாய்கள் பல பகுதிகளில் அருகிப்போனதாலும், இன்று 3 கோடியை ஒட்டிப் பெருகியிருக்கிறது. ஆண்டுதோறும் சுமார் 60 லட்சம் மான்கள் வேட்டையாடப்படுகின்றன. துப்பாக்கி ஏந்தியவர் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தும் சுட்டுவிட முடியும் என்பதால் அவருக்கு வாடை பெரிய தடையன்று. வில்லேந்தியவரின் நிலை வேறு: மான் இருபது, முப்பது மீட்டருக்குள் தானாக வந்தாக வேண்டும் என்பதால், மரத்தில் கட்டிய பரணில் மணிக்கணக்காக அசையாமல் அமர்ந்திருக்கும் அவருடைய உழைப்பு முழுவதையும் ஒரு மூச்சளவு மனித வாடை வீணாக்கிவிடும்.

மானின் நுகர்வுலகம்

மானின் நீண்ட முகத்துக்குள் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பவை, சுருள் சுருளாக மடிந்த மெல்லிய எலும்புத் தகடுகளும் அவற்றின்மீது படர்ந்த ஈரமான சவ்வும் ஆகும். உள்ளே இழுக்கப்படும் காற்று இந்த மடிப்புகளினூடே செல்லும்போது வெதுவெதுப்பும் ஈரமும் பெறுகிறது. அதன் ஒரு பகுதி மேற்புறமாகச் சென்று, நுகர்வு நரம்பணுக்கள் செறிந்த பரப்பை அடைகிறது. அந்த நரம்பணுக்களின் நுனியில் நுகர்வு ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன; ஒவ்வொரு வகை ஏற்பியும் குறிப்பிட்ட சில வடிவங்கள் கொண்ட மூலக்கூறுகளோடு மட்டுமே பொருந்தித் தூண்டப்படும். இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனிடம் செயல்படும் நிலையில் இருக்கும் இத்தகைய மரபணுக்கள் சுமார் 400. நாயிடம் சுமார் 800. மானைப் போலவே இரட்டைக் குளம்புடன் அசைபோடும் விலங்கான மாட்டிடம் ஆயிரத்துக்கும் மேல்.

ஏற்பிகளின் எண்ணிக்கையைவிட அவை இயங்கும் முறை இங்கு முக்கியமானது. ஒரு மணம் ஓர் ஏற்பியை மட்டும் தட்டுவதில்லை. பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தட்டி, ஒரு கோலத்தை உண்டாக்குகிறது, அந்தக் கோலத்தையே மூளை இன்ன மணம் என்று படித்துக்கொள்கிறது. ஆகவே ஒரு பலமான மணத்தால் இன்னொரு மணத்தை மூடிவிடலாம் என்னும் எண்ணம் மனித மூக்கின் குறைபாட்டிலிருந்து பிறந்தது. மனிதனுக்கு ஊதுவத்தியின் மணத்தில் மற்றதெல்லாம் மறைந்துபோகலாம். ஆனால் காப்பித்தூளுக்குள் புதைத்து வைத்த போதைப்பொருளை மோப்ப நாய் கண்டுபிடிப்பதற்குக் காரணம், அது காப்பியையும் போதைப்பொருளையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக நுகர்வதே. கூர்மையான மோப்பம் கொண்ட விலங்கான மானிடமும் வேட்டை உடையின்மீது தெளிக்கப்படும் நறுமணங்கள் இதற்கு மேல் சாதிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

மானுக்கு மணம் என்பது எச்சரிக்கை மணி மட்டுமன்று, அதன் சமூக வாழ்வே மணத்தால் நடக்கிறது. குளம்புப் பிளவுக்கு இடையிலும், பின்னங்காலின் உட்புறத்திலும், கண்ணின் முன்முனையிலும், நெற்றியிலும் அதற்கு மணச் சுரப்பிகள் உள்ளன. இனச்சேர்க்கைப் பருவத்தில் ஆண்மான் தன் பின்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி அவற்றின் சுரப்பி மயிர்மீதே சிறுநீர் கழித்து, அதில் வளரும் பாக்டீரியாக்களின் துணையோடு தனக்கே உரிய ஒரு வாடையை உண்டாக்கிக்கொள்கிறது. மேலண்ணத்துக்கு மேலே அமைந்த ஜேக்கப்சன் உறுப்பு என்னும் தனிக்கருவி, பெண்மானின் சிறுநீரில் கலந்திருக்கும் இனப்பெருக்கச் செய்திகளைப் படிக்க உதவுகிறது. அதற்காகவே ஆண்மான் மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். இப்படி யார், எப்போது போனார் என்பதையெல்லாம் மூக்கால் படிக்கும் உயிரிடம் மனித வாடை தெரியவே கூடாது என்று முயல்வது பேராசை. ஊர் எல்லைகளில் வாழும் மான்களுக்கு மனித வாடை அன்றாடம் பழகியதுதான். எதிர்பாராத இடத்தில், புதிதாக, அருகிலிருந்து வீசும் வாடையே அவற்றை விரட்டுகிறது. எனவே வேட்டையாடிக்குச் சாத்தியமான குறிக்கோள் வாடையை இல்லாமல் ஆக்குவதன்று, தொலைவிலிருந்து வருவதாகவோ பழையதாகவோ மானுக்குத் தோன்றும் அளவுக்கு அதைக் குறைப்பதே.

துணியில் தங்கும் உடல்

புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு ஏறக்குறைய மணமே இல்லை. உடல் முழுவதும் பரவியிருக்கும் சாதாரண வியர்வைச் சுரப்பிகள் உப்பு நீரை வெளியிடுகின்றன. அக்குளிலும் இடுப்புக்குக் கீழும் செறிந்திருக்கும் வேறு வகைச் சுரப்பிகளோ புரதமும் கொழுப்பும் கலந்த கெட்டியான நீர்மத்தைச் சுரக்கின்றன. அக்குள் வாடைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று 3-மீத்தைல்-2-ஹெக்சினாயிக் அமிலம் என்பதை, ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தில் ஜார்ஜ் பிரெட்டியும் உடனிருந்தோரும் 1990-களின் தொடக்கத்தில் நிறுவினார்கள். இந்த அமிலம் தோலுக்கு வரும்போது வேறொரு மூலக்கூறோடு கட்டுண்டிருப்பதால் ஆவியாக முடியாமல், மணமற்றுக் கிடக்கிறது. தோலில் வாழும் கொரினிபாக்டீரியா வகை நுண்ணுயிரிகளின் நொதிகள் அந்தக் கட்டை அறுத்த பிறகே அது காற்றில் கலக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்னும் இன்னொரு பாக்டீரியா, கந்தகம் கலந்த ஆல்கஹால்களை விடுவிக்கிறது. இவை மிக நுண்ணிய அளவிலேயே மூக்கைத் துளைப்பவை. பாதத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், லியூசின் என்னும் அமினோ அமிலத்தை உடைத்து, பழைய பாலாடைக்கட்டியின் நெடியுள்ள ஐசோவலெரிக் அமிலத்தை ஆக்குகிறது.

இவை உடலில் பிறந்தாலும் உடலோடு நிற்பதில்லை. சட்டையின் அக்குள் பகுதியை உருப்பெருக்கியில் பார்த்தால், நூலின் முறுக்குகளுக்கு இடையே தோலெண்ணெயின் மெல்லிய படலமும் அதில் ஒட்டிய தோல் செதில்களும் தெரியும். அந்தப் படலம் வாடை மூலக்கூறுகளைக் கரைத்து வைத்துக்கொள்ளும் கரைப்பானாகவும், பாக்டீரியாக்களுக்கு உணவாகவும் ஒருசேர அமைகிறது. இழையின் தன்மைக்கு ஏற்ப அது தங்கும் காலம் மாறுபடும். இயல்பான ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடும், கம்பளி சுமார் 16 விழுக்காடும் நீரை உள்வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்குவதில்லை. நீரை வெறுக்கும் பாலியஸ்டர் எண்ணெயை விரும்பும் என்பதால், வியர்வையின் நீர் விரைவில் காய்ந்து போக, எண்ணெயும் அதில் கரைந்த வாடையும் இழையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடுமையாகச் சைக்கிள் மிதித்த 26 பேரின் பனியன்களைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியஸ்டர் பனியன்கள் பருத்தியைவிட மோசமாக நாறின என்பதோடு, மைக்ரோகாக்கஸ் என்னும் வாடை உண்டாக்கும் பாக்டீரியா பாலியஸ்டரில் செழித்து வளர்ந்தது என்பதும் தெரியவந்தது. இலகுவாகவும் விரைவில் உலர்வதாகவும் இருப்பதால் இன்றைய வேட்டை உடைகளில் பெரும்பாலானவை பாலியஸ்டரில் தைக்கப்படுவது ஒரு முரண். மூத்த வேட்டையாடிகள் பலர் இன்னமும் கம்பளியை விடாமல் வைத்திருப்பதில் பழம்பற்று மட்டுமன்றி வேதியியலும் இருக்கிறது.

உடலின் வாடையோடு வீட்டின் வாடையும் சேர்கிறது. தாளிப்பு, பன்றியிறைச்சி வறுத்த புகை, நாயின் படுக்கை, சிகரெட், சலவைத் தூளின் செயற்கை மணம் எனக் காற்றில் மிதக்கும் எதையும் துணி விட்டுவைப்பதில்லை. இவற்றுள் பெட்ரோல் நெடியை வேட்டையாடிகள் மிகவும் அஞ்சுகிறார்கள். காட்டுக்குப் போகும் வழியில் எரிபொருள் நிரப்பும்போது காலணியில் தெறித்த ஒரு துளி, ரப்பர் அடித்தோலுக்குள் கரைந்து, பல நாட்களுக்குக் கசிந்துகொண்டே இருக்கும்.

துவைப்பதன் நோக்கம் அந்த எண்ணெய்ப் படலத்தை அகற்றுவதே. இதற்கென விற்கப்படும் சோப்புகளின் சிறப்பு அவற்றில் இருப்பதைவிட இல்லாததைச் சார்ந்தது: நறுமணம் இல்லை, வெண்மையூட்டிகளும் இல்லை. வெண்மையூட்டிகள் என்பவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாகத் திருப்பி உமிழும் சேர்மங்கள். நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போடும் சாய நீலத்திலிருந்து இவை வேறுபட்டவை. 1992-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மான்களின் விழித்திரை மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வு, மானின் கண்ணில் இருவகைக் கூம்பணுக்களே உண்டு என்றும், அவற்றுள் ஒன்று நீல ஒளிக்கு மிகுந்த கூர்மை உடையது என்றும் காட்டியது. வேட்டையாடிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாதிருக்கப் பல மாநிலங்கள் கட்டாயமாக்கியிருக்கும் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலாடை மானின் கண்ணுக்கு மங்கலாகவே தெரிய, சலவைத் தூளால் நீலம் பாரித்த பச்சைச் சட்டை கறுக்கல் வெளிச்சத்தில் அதற்குத் துலக்கமாகத் தெரியக்கூடும். மணம் பற்றிய அத்தியாயத்தில் இது பக்கவழிதான் என்றாலும், ஒரே சோப்பு வேட்டையாடியை மானின் மூக்குக்கும் கண்ணுக்கும் ஒருங்கே காட்டிக்கொடுக்கும் என்பதால் சொல்ல வேண்டியதாயிற்று.

நல்ல சோப்பைத் தேர்ந்தவரும் சறுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. சலவை இயந்திரத்தின் ரப்பர் வளையத்திலும் சோப்புத் தட்டிலும் முந்தைய துவையல்களின் நறுமணம் தங்கியிருக்கும்; இன்றைய சலவைப் பொருட்களில் மணத்தை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து, துணியோடு ஒட்டி நாட்கணக்கில் மெல்ல வெடிக்குமாறு செய்திருப்பதால் இந்த மிச்சம் சாமானியத்தில் போவதில்லை. அடுத்தது ஈரம். முழுதும் உலராத துணியில் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா பெருகி, மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட துணிக்கே உரிய அந்தப் புழுங்கல் நாற்றத்தை உண்டாக்குகிறது; அதற்குக் காரணமான 4-மீத்தைல்-3-ஹெக்சினாயிக் அமிலத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் இனங்காட்டினார்கள். பெட்டிக்குள் போகும் துணி சற்றே ஈரமாக இருந்தாலும், அதுவரை செய்த எல்லா வேலையும் அந்த ஈரத்தில் ஊறிப்போகும்.

பெட்டியின் வேலை

பெட்டி மணத்தை அழிப்பதில்லை. அது செய்வதெல்லாம் மூலக்கூறுகளின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துவதே. எளிதில் ஆவியாகும் எந்தப் பொருளும், தன் ஆவி தன்னைச் சுற்றியுள்ள காற்றில் குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தை எட்டும் வரை ஆவியாகிக்கொண்டிருக்கும்; அந்த அழுத்தத்தை ஆவியழுத்தம் என்பர். திறந்த வெளியில் காற்று ஆவியை வாரிக்கொண்டு போவதால் அந்த நிலை ஒருபோதும் வருவதில்லை, பொருள் மெல்ல மெல்ல வாடையை இழந்து ஓய்கிறது. மூடிய பெட்டிக்குள் ஆவி போக வழியின்றி, உள்ளே இருக்கும் எல்லாப் பரப்புகளிலும் படிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் வெளியேறுவதும் ஒவ்வொன்றிலும் படிவதும் சமமாகும் வரை பரவுகிறது. இந்தச் சமநிலையின் விளைவை எளிதாகச் சொல்வதானால், பெட்டிக்குள் இருப்பவற்றில் மிக மோசமாக நாறுவது எதுவோ, அதன் வாடை நாளடைவில் அனைத்துக்கும் பங்காகிவிடும். வியர்த்த தொப்பியையோ பெட்ரோல் பட்ட காலணியையோ துவைத்த சட்டையுடன் சேர்த்து இறுக மூடி வைப்பவர், திறந்த கொடியில் தொங்கவிட்டவரைவிடக் கேடான நிலையைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார். இறுக்கமான மூடி, உள்ளே போகும் பொருள் சுத்தமாக இருந்தால் மட்டுமே நன்மை தரும்.

காலணிக்குத் தனிப் பெட்டி, வெளியாடைக்குத் தனிப் பெட்டி, ஒருமுறை அணிந்து வேர்த்த உள்ளாடைக்கு இன்னொரு பை என்று அனுபவமுள்ளவர்கள் பிரித்து வைப்பதன் காரணம் இதுவே. வேட்டையிலிருந்து திரும்பியதும் களைப்பில் எல்லாவற்றையும் கழற்றி அதே பெட்டிக்குள் திணித்து மூடுவதுதான் மிகப் பரவலான பிழை; அன்றைய வியர்வை, புகை, இரத்தம் யாவும் அடுத்த வாரத்துக்காக உள்ளே பதப்படத் தொடங்கிவிடும். வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. ஆவியழுத்தம் வெப்பநிலையோடு செங்குத்தாக ஏறக்கூடியது என்பதால், வெயிலில் நிற்கும் வண்டியின் பின்புறத்தில் வைத்த பெட்டிக்குள் நடக்கும் பரிமாற்றம், குளிர்ந்த கொட்டகையில் வைத்ததைவிடப் பன்மடங்கு வேகமானது.

பெட்டி எதனால் ஆனது என்பதும் கவனிக்கத்தக்கது. பாலித்தீன் நீரை நன்றாகத் தடுப்பதால் மணத்தையும் தடுக்கும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நீராவிக்கு அணையாக நிற்கும் அந்தப் பொருளில் எண்ணெய்த் தன்மையுள்ள மூலக்கூறுகள் கரைந்து, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். மெல்லிய பையில் கட்டி வைத்த கருவாடு வீட்டுக்கே சொல்லிக்கொடுப்பது இந்த வழியாகத்தான். சுவரின் தடிமன் இரட்டிப்பானால் கசிவு வேகம் பாதியாகும். எனவே தடித்த பாலிப்ரொப்பிலீன் பெட்டி, மெல்லிய குப்பைப் பையைவிட எவ்வளவோ மேல், அதிலும் நறுமணம் ஏற்றிய குப்பைப் பைகளை இதற்குப் பயன்படுத்துவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. கண்ணாடியும் உலோகமும் ஏறத்தாழ எதையும் ஊடுருவ விடுவதில்லை. அலுமினியப் படலம் பூசிய பைகள் மலிவான விலையில் அதே பலனைத் தருகின்றன. புதிய நெகிழிப் பெட்டிக்கே ஒரு நெடி உண்டு என்பதால், வாங்கியதும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, சில நாட்கள் மூடியைத் திறந்து வெயிலில் வைப்பது வழக்கம். சுவர் எதுவானாலும் மூடியின் விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையே பலவீனமான இடம். அதில் ஒட்டிய ஒரு காய்ந்த இலைக்காம்பு போதும், தடித்த சுவரின் பயன் முழுவதையும் அந்த இடுக்கு தின்றுவிடும்.

பெட்டிக்குள் வேட்டைக்களத்தின் இலைதழைகளைப் போட்டு வைப்பது பழைய வழக்கம். பைன், சீடார் கிளைகள் ஆல்ஃபா-பைனீன், லிமோனீன் முதலிய டெர்பீன்களை வெளியிடுகின்றன. மேலே சொன்ன சமநிலை விதிப்படி அவையும் துணியில் படியும். மனித வாடையை அவை மறைப்பதில்லை, ஆயினும் வீட்டு மணத்துக்குப் பதில் காட்டு மணத்தைத் துணி ஏந்திப் போவதில் கெடுதல் இல்லை. அதே காட்டில் அந்த மரம் இருந்தால் மட்டும். கருவாலி மரக்காட்டில் பைன் மணத்தோடு நுழைவது, மானுக்குப் புதியதொரு சேதியை அனுப்புவதாகும். பச்சைத் தழை ஈரத்தையும் பூஞ்சையையும் கூடவே கொண்டுவரும் என்பதால் நன்றாக உலர்ந்ததையே போட வேண்டும். மான் சிறுநீரை உடையிலோ காலணியிலோ தடவும் வழக்கத்தைப் பல மாநிலங்கள் தடை செய்திருப்பதற்குக் காரணம் வாடையன்று, நோய். 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட மான்களின் நாட்பட்ட மெலிவு நோயைப் பரப்பும் பிரியான் புரதங்கள் சிறுநீரிலும் வெளியேறுகின்றன, மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமலும் கிடக்கின்றன.

கரி, சோடா, ஓசோன்

தாமதப்படுத்துவதோடு நில்லாமல், பெட்டிக்குள்ளேயே வாடையைப் பிடித்து வைக்க வேண்டும் என்றால் அதற்கு மிகவும் தகுந்தது கிளர்வுறு கரி. கரியை நீராவியோடு மிக உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கினால் அதனுள் கோடிக்கணக்கான நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1000 சதுர மீட்டரை எட்டும், அதாவது நான்கு கிராமுக்குள் ஏறக்குறைய ஓர் ஏக்கர் பரப்பு மடிந்து கிடக்கிறது. மூலக்கூறுகள் ஒரு பொருளின் உள்ளே கரைந்து போகாமல் அதன் பரப்பில் ஒட்டி நிற்பதைப் பரப்புக் கவர்ச்சி என்பர். முதல் உலகப் போரில் நச்சு வாயுக்களுக்கு எதிரான முகமூடிகளில் இந்தக் கரி பயன்பட்டபோது, 1918-இல் அமெரிக்க மக்களிடம் பீச் பழக் கொட்டைகளையும் கடினமான ஓடுகளையும் சேகரித்துத் தருமாறு அரசு வேண்டிக்கொண்டது. மிக நுண்ணிய துளைகள் கொண்ட கரிக்குச் சிறந்த மூலப்பொருள் தேங்காய்ச் சிரட்டை. இலங்கையும் தமிழ்நாடும் அதை உலகச் சந்தைக்கு அனுப்பும் முக்கிய இடங்களாக இருப்பதால், விஸ்கான்சினில் ஒருவர் தம் வேட்டைப் பெட்டிக்குள் வைக்கும் கரிப்பையில் பொள்ளாச்சிப் பக்கத்துச் சிரட்டை இருப்பது வியப்புக்குரியதன்று.

கரிக்கும் வரம்பு உண்டு. துளைகள் நிரம்பிய பின் அது எதையும் பிடிக்காது. ஈரமான காற்றில் நீராவியே பல துளைகளை அடைத்துக்கொள்ளும். சூடானால் பிடித்ததில் ஒரு பகுதியை விட்டுவிடும். தொழிற்சாலைகளில் கரியை மீண்டும் புதுப்பிக்க 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். 1990-களில் கரி பதித்த வேட்டை உடைகள் சந்தைக்கு வந்தபோது, அவற்றை வீட்டுத் துணி உலர்த்தியில் போட்டாலே புத்துயிர் பெறும் என்று விளம்பரங்கள் சொல்லின. வீட்டு உலர்த்தியின் வெப்பமோ எழுபது பாகையைச் சுற்றியே நிற்கும். தளர்வாக ஒட்டிய சிறு மூலக்கூறுகளை அது விரட்டலாம், ஆழத் துளையில் சிக்கிய கனத்த கொழுப்பு அமிலங்களை அசைக்காது. இந்த விளம்பரங்களை எதிர்த்து மினசோட்டாவில் 2007-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், வாடையை ஒழிக்கும் என்ற வாசகம் உண்மைக்குப் புறம்பானது என்று 2010-இல் கூட்டாட்சி நீதிபதி கண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சட்டத்தின் முடிவு எப்படிப் போனாலும் வேதியியலின் முடிவு மாறவில்லை: அசையும் உடலின்மீது வியர்வையோடு போராடும் கரியைவிட, உலர்ந்த பெட்டியின் மூலையில் அசையாமல் கிடக்கும் கரியே தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட் மலிவானது, அதன் வேலையும் தெளிவானது. உடல் வாடையில் கணிசமானவை அமிலங்கள் என்பதால், மென்மையான காரமாகிய சோடா அவற்றை ஆவியாகாத உப்புகளாக மாற்றுகிறது. அமிலமல்லாத பெட்ரோல் ஆவியிடமோ கந்தக ஆல்கஹாலிடமோ அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது.

ஓசோனின் கதை இன்னும் சிக்கலானது. மூன்று ஆக்சிஜன் அணுக்களால் ஆன இந்த வாயு, கரிமச் சேர்மங்களின் இரட்டைப் பிணைப்புகளை வெட்டக்கூடியது. பெட்டிக்குள்ளோ பைக்குள்ளோ ஓசோனைப் பாய்ச்சும் சிறு கருவிகள் இப்போது பரவலாக விற்கின்றன. அது பல வாடைகளை உடைக்கிறது என்பது மெய்யே. ஆனால் மனிதத் தோலெண்ணெயின் முக்கியக் கூறான ஸ்குவாலீனில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஓசோன் அவற்றை வெட்டும்போது 6-மீத்தைல்-5-ஹெப்டென்-2-ஓன், ஜெரனைல் அசிட்டோன் முதலிய, எளிதில் ஆவியாகும் புதிய துண்டுகள் பிறக்கின்றன. மணமற்றதும் ஆவியாகாததுமான ஓர் எண்ணெய், மணமுள்ள துண்டுகளாகச் சிதறுகிறது என்பதே இதன் பொருள். அந்தத் துண்டுகளும் மனிதத் தோலெண்ணெயிலிருந்தே பிறந்தவை. சரியாகத் துவைக்காத சட்டையை ஓசோனில் இட்டவர் ஒரு மனித வாடையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிறார். கூடவே, ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளையும் ஓசோன் விட்டுவைக்காது என்பதால், இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்து, ரப்பர் காலணியில் வெடிப்பு விழும், பெட்டி மூடியின் பட்டையும் இறுக்கம் இழக்கும். நுரையீரலுக்கும் அது தீங்கானது; அமெரிக்கப் பணியிடங்களில் எட்டு மணி நேர வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்குதான் என்பதால், ஆட்கள் இருக்கும் அறையில் இக்கருவிகளை ஓடவிடக் கூடாது.

இவ்வளவும் செய்து, மாசற்ற உடையை அணிந்து பரணில் ஏறியவுடன் மனித உடல் மீண்டும் தன் உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறது. மூச்சு நிற்பதில்லை, தோல் செதில்கள் உதிர்வதும் நிற்பதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வனவுயிர் ஆய்வாளர் ஜான் ஷிவிக் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கரி உடை அணிந்தவர்களும் அணியாதவர்களும் மறைந்திருக்க, பயிற்சி பெற்ற தேடுதல் நாய்கள் ஏறக்குறைய எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டன. ஆகவே காற்றோட்டத்தின் திசையே முதல் கணக்கு. வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேல்நோக்கி எழும், மாலையில் குளிர்ந்து கனத்துப் பள்ளத்தை நோக்கி வடியும். மான் வரும் பக்கத்துக்கு வாடையைச் சுமந்து செல்லாத இடத்தில் பரணை அமைக்கத் தெரியாதவருக்குப் பெட்டி உதவாது. காற்று சற்றே சுழன்று திரும்பும் நேரங்களில், மான் அறுபது மீட்டரில் நின்று தயங்குவதா முப்பது மீட்டர் வரை வருவதா என்பதைத் தீர்மானிக்கும் அளவு வித்தியாசத்தைத்தான் பெட்டி தரக்கூடும். வில் வேட்டையில் அந்த வித்தியாசம் சிறியதன்று.

பருவம் முடிந்த பின்

வேட்டைப் பருவம் முடிந்து அடுத்த இலையுதிர் காலம் வரையிலான ஒன்பது, பத்து மாதங்களில் வாடையைவிட அந்துப்பூச்சியே பெரும் பகை. கம்பளியின் கெராட்டின் புரதத்தைத் தின்று வளரும் இதன் புழுக்கள், வியர்வையும் எண்ணெயும் படிந்த இடங்களையே முதலில் தேடிப் போகும் என்பதால், துவைக்காமல் மடித்து வைத்த கம்பளியில் அக்குளும் கழுத்துப்பட்டையும்தான் முதலில் ஓட்டையாகும். வீடுகளில் இதற்குக் கைகண்ட மருந்தாகிய அந்துருண்டை இங்கே ஆகாது. அதிலுள்ள நாப்தலீன் திண்மத்திலிருந்து நேரே ஆவியாகி, பாலியஸ்டர் இழையிலும் பெட்டியின் நெகிழிச் சுவரிலும் கரைந்து அமர்ந்துகொள்ளும். உருண்டையை எடுத்து எறிந்த பிறகும் சுவர் மாதக்கணக்கில் அதைத் துணிக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், பெட்டியையே மாற்ற நேரிடலாம். அருங்காட்சியகங்கள் பழைய கம்பளங்களைக் காக்கக் கையாளும் முறை இதற்குப் பொருந்துகிறது: துவைத்து முற்றிலும் உலர்ந்த உடையைத் தடித்த பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, சுழியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் ஓரிரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சேர்ந்து மடியும். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் துணி அறையின் வெப்பநிலைக்கு வரும் வரை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்தால், காற்றின் ஈரம் பையின் வெளிப்புறத்தில் வேர்த்து வடியும், துணி உலர்ந்தபடியே பெட்டிக்குப் போகும்.